சவரிராஜின் பன்னிரண்டு விநாடி

நெய்வேலி டவுன்ஷிப்பில் புதுமுகத்தைப் பார்த்தால் யாரும் முதலில் பெயர் கேட்பதில்லை. எந்த பிளாக், எந்த டிவிஷன், என்ன ஷிஃப்ட் என்று மூன்று கேள்வி கேட்பார்கள். மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் ஆளை அளந்து முடித்தாயிற்று. பெயர் அப்புறம் கேண்டீன் வரிசையில் தானாகத் தெரியவரும்.

சவரிராஜிடம் இந்தக் கேள்விகள் எடுபடவில்லை. பிளாக் உண்டு, ஆனால் குவார்ட்டர்ஸ் அவர் மனைவி சகாயமேரியின் பேரில். அந்தம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இவருக்கு டிவிஷனும் கிடையாது, ஷிஃப்டும் கிடையாது. ஒரு நாள் தோளில் கறுப்புப் பெட்டியோடு பஸ் ஏறுவார். பிறகு நாலு நாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். எழுபத்து நான்கில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த வீட்டு விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதை மறைத்துப் பயனில்லை, என் மனைவி எப்படியும் சொல்லிவிடுவாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"பெர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"ரெண்டும் இல்லீங்க. கேமராமேன். கூப்ட்டாங்கன்னா போவேன்."

"கூப்பிடலேன்னா?"

"கீரை ஆய்வேங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

பெர்மனென்டும் இல்லாமல் கான்ட்ராக்டும் இல்லாமல் ஒரு மனிதர் உயிரோடு இருக்க முடியும் என்பதே எங்கள் வரிசைக்குப் புதுச் செய்தி. கடலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஏழு வருஷம் கேமரா உதவியாளராக இருந்திருக்கிறார். இருட்டுப் பைக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் ஃபிலிம் மாட்டுவதுதான் அங்கே அவர் வேலை. பெரிய கேமராமேன் ஆகும் வரிசையில் தனக்கு முன்னால் பதினோரு பேர் நிற்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டார். சாவி கொடுத்தால் ஓடும் கேமரா. சத்தம் பதியாது, படம் மட்டும்தான். திருவிழா, வெள்ளம், மந்திரி திறந்து வைக்கும் பாலம், கரும்பு விவசாயிகள் மாநாடு என்று எது நடந்தாலும் போய் எடுப்பார். சுருளை டப்பாவில் அடைத்து, பண்ருட்டியில் சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். சென்னையில் தொலைக்காட்சி வந்தபிறகு அவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நெய்வேலிக்கு அப்போது டிவி எட்டாது. தான் எடுத்த படத்தை அவர் பார்த்ததே இல்லை.

"அதெப்படி வே, சமைச்சவன் ருசி பார்க்காம இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எடுக்கும்போது கண்ணாடி வழியா பாத்தாச்சு இல்லீங்களா? அதான் எனக்கு" என்றார்.

எழுபத்தாறில், அவர் வேலை செய்வதைப் பார்க்கும் என் ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. சுரங்கத்தைப் படம் பிடிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது. வெளியாட்கள் சுரங்கத்துக்குள் வந்தால் துணைக்கு ஒரு ஆள் கூடவே போகவேண்டும். நான் சர்வே பிரிவு. பெயர் கொடுக்கச் சொன்னார்கள், அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பெரிய சக்கர மெஷின் மண்ணைக் கடித்துக் கடித்து பெல்ட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டாண்டை நிறுத்தினார். வெளிச்சம் அளக்கும் கருவியை எடுத்துத் தன் உள்ளங்கைக்கு நேரே பிடித்தார். சுற்றிலும் கரி இருந்தால் கருவி ஏமாந்துவிடுமாம், உள்ளங்கை ஏமாற்றாதாம். பிறகு கேமராவுக்குச் சாவி கொடுத்தார், குனிந்தார், விசையை அழுத்தினார். உடனே வாய் முணுமுணுக்கத் தொடங்கியது. முணுமுணுப்பு நின்றது, விசையை விட்டார். இடம் மாற்றினார். மறுபடி முணுமுணுப்பு. எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

"யார்கிட்ட வே பேசுதீரு?"

அவருக்குக் கொஞ்சம் வெட்கம். "ஜெபம் சார். மாதா ஜெபம். நேரம் பாக்கறதுக்கு."

சின்ன வயதில் சாயங்காலம் வீட்டில் எல்லாரும் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வார்களாம். ஐம்பத்துமூன்று தடவை அதே ஜெபம், அதே வேகம். சென்னையில் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தபோது உதவியாளர் ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கிறார். சரியாகப் பன்னிரண்டு விநாடி. மறுபடி சொன்னால் மறுபடி பன்னிரண்டு. அன்றிலிருந்து அவருக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. ஒரு காட்சிக்கு ஒரு ஜெபம். ஒரு சுருளுக்குப் பதின்மூன்று. ஒரு தடவை சாவி கொடுத்தால் இரண்டு ஜெபம் தாங்கும்.

"மூணாவது மரியாளுக்குச் சாவி பத்தாது சார்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் நானும் முயன்று பார்த்தேன். முருகன் பேரில் எனக்குத் தெரிந்த நாலு வரியைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். முதல் தடவை ஒன்பது விநாடி, அடுத்தது பதினான்கு, மூன்றாவது தடவை பாதியில் மறந்துவிட்டது. முருகன் மேல் குற்றமில்லை. எனக்குப் புத்தி ஓரிடத்தில் நிற்காது.

அதன் பிறகு அவருக்கு எங்கே வேலை வந்தாலும், எனக்கு வாராந்திர லீவாக இருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போய்விடுவேன். சகாயமேரி என்னைப் பார்த்து, "இவரு இன்னொரு சம்பளமில்லா உத்தியோகம் புடிச்சிக்கினாரு" என்பார்.

ஒரு ஐப்பசியில் கெடில ஆற்றில் வெள்ளம். பாலத்தின் மேல் நின்று எடுத்தார். தண்ணீர் பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு போனது, காலடியில் அதிர்வு தெரிந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை, கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுருள் சென்னைக்குப் போய்ப் பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. தொலைக்காட்சியில் அவர் படங்களை வெட்டி ஒட்டும் எடிட்டர் ருக்குமணி எழுதியது. அதுவரை அந்த அம்மாவை அவர் பார்த்ததில்லை. கார்டை என்னிடம் காட்டினார்.

"உங்கள் காட்சிகள் எப்போதும் பன்னிரண்டு விநாடி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். இந்த முறை வந்தவை எல்லாம் எட்டு விநாடி. உங்களுக்கு என்ன ஆச்சு?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு, முகம் தெரியாத ஒருவர் பயந்தது தெரிந்திருக்கிறது. பயத்தில் ஜெபம் வேகமாக ஓடிவிட்டது என்று சவரிராஜுக்கே அந்தக் கார்டைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது. பிறகு வீடியோ வந்தது. சாவி கொடுக்கும் கேமராவை யாரும் கூப்பிடவில்லை. தொலைக்காட்சியிலும் இனி வீடியோ, அதுவும் சத்தத்தோடு வேண்டும் என்றார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரிடம் வீடியோ கேமராவும், இடுப்பில் தொங்கும் பதிவுப் பெட்டியும் வாங்கினார். முதல் வேலையை நான்தான் கொடுத்தேன். எண்பத்தைந்து தை மாதம், என் தங்கை விஜயகுமாரியின் கல்யாணம். மாப்பிள்ளை வீடு விருதுநகர்ப் பக்கம். சம்பந்தி வெள்ளைச்சாமி, சகுனம் பார்த்துத்தான் செருப்பையே மாட்டுவார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மறுவீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். பண்ருட்டியிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்தேன். கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. கேசட்டைப் போட்டதும் எல்லாருக்கும் குஷி. அவரவர் முகத்தை அவரவர் தேடினார்கள். ஆனால் படத்தோடு ஒரு முணுமுணுப்பும் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் கோளாறு என்று நான் டிவியின் தலையில் தட்டினேன். முணுமுணுப்பு நிற்கவில்லை.

எட்டு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டவன், எனக்கா தெரியாது? ஊமைப் படம் எடுத்தே பழகிய மனிதர், இந்தக் கேமராவின் முன்னால் ஒரு மைக் இருப்பதையே மறந்துவிட்டார். வாங்கியபோது சோதித்துப் பார்த்ததும் படத்தை மட்டும்தான். பெண் அழைப்பு, காப்புக் கட்டு, மாலை மாற்றுவது எல்லாவற்றிலும் மாதா ஜெபம் விடாமல் ஓடியது.

அந்த ஜெபத்தின் கடைசியில், எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று, மரணம் என்ற சொல் வரும். திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளத்துக்காகத் தவில்காரர் கையை ஓங்கி நிறுத்தினார். அந்த ஒரு நொடி மண்டபமே சத்தமில்லாமல் இருந்தது. அந்த நொடியில், தெளிவாக, மரணம் என்ற சொல் மட்டும் வந்து விழுந்தது. பிறகுதான் மேளம்.

வெள்ளைச்சாமி எழுந்து நின்றார். "நிறுத்துங்க அத" என்றார். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. இலை போட்டிருந்தது, சம்பந்தி வீட்டார் ஒரு வாய் சாப்பிடாமல் தங்கையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கேசட் அந்த இடத்தோடு நின்றது. மீதியை யாரும் பார்க்கவில்லை.

நான் நேரே சவரிராஜ் வீட்டுக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நான் சொன்னபடி கேட்காது. என்ன சொன்னேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் சாமியையும் விடவில்லை. கடைசியில், "அந்தச் சத்தத்தை அழிச்சிட்டு நாதஸ்வரத்தைப் போட்டுக் கொடும்" என்றேன்.

"சத்தத்த எடுத்தா எல்லாச் சத்தமும் போயிடுங்க சார். என்னுது மட்டும் தனியாப் போவாது."

"போகட்டும். ஒண்ணும் வேண்டாம்."

ஒரு வாரத்தில் நாதஸ்வரத்தோடு கேசட் வந்தது. விருதுநகருக்கு அனுப்பினேன். அதோடு சவரிராஜிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஊரில் செய்தி பரவ ஒரு ஷிஃப்ட் போதும். காலைச் சங்கு ஊதியபோது எங்கள் பிளாக்குக்கு மட்டும் தெரிந்திருந்தது. மத்தியானச் சங்குக்குள் சாவுக் கேமரா என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதையும் மீறிக் கூப்பிட்ட இரண்டு மூன்று பேர் வீட்டில் அவர் வாயை அடக்கப் பாடுபட்டிருக்கிறார். முந்திரிப்பருப்பைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், பேசாமல் எடுத்தாராம். வாய் நின்றது, ஆனால் கையும் நின்றுவிட்டது. ஒரு காட்சி மூன்று விநாடியில் அறுந்தது, இன்னொன்று முடியத் தெரியாமல் கல்யாணப் பந்தலின் கூரையில் போய் முட்டியது. காதுகுத்தில், குழந்தை வீறிட்ட நேரத்தில் கேமராவை நிறுத்தியிருந்தார். ஜெபம் இல்லாமல் அவருக்கு எங்கே தொடங்குவது, எங்கே விடுவது என்றே தெரியவில்லை. ருக்குமணி ஒரு வேலைக்கு எழுதிக் கேட்டபோது, தன்னால் ஆகாது என்று பதில் போட்டுவிட்டார். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பேச்சைத்தான் நிறுத்தியிருந்தேன், விசாரிப்பதை நிறுத்தவில்லை.

எண்பத்தாறு ஆவணியில் என் அப்பா கருப்பசாமி காலமானார். அதிகம் பேசாத மனிதர். ஊரில் நிலத்தை விட்டுவிட்டு என்னோடு வந்து எட்டு வருஷம் இருந்தார், எட்டு வருஷத்தில் எட்டுப் பக்கம் பேசியிருப்பார். காரியம் எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தங்கை எழுதினாள். "அண்ணா, நான் மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது வேன் பக்கத்தில் அப்பா என்னிடம் ஏதோ சொன்னார். அழுகையில் எனக்குக் காதில் விழவில்லை. கேமரா அப்போது எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. என்னிடம் இருக்கும் கேசட்டில் அந்த இடத்தில் நாதஸ்வரம்தான் வாசிக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியுமா?"

கடிதத்தை மடித்து வைத்தேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. போகட்டும், ஒண்ணும் வேண்டாம் என்று சொன்ன வாய் என் வாய்தான்.

மூன்றாம் நாள் ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து அந்த வாசலில் ஏறுகிறேன். சகாயமேரி நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. மேசையில் ஆஸ்பத்திரி வார்டு உதவியாளர் வேலைக்கான விண்ணப்பம் இருந்தது. கான்ட்ராக்ட்தான், பின்னால் பெர்மனென்ட் ஆக வாய்ப்பு உண்டு. நிலையான வேலையாகப் பாரும் என்று பத்து வருஷம் நான் ஓதிய புத்திமதி, அவர் கையெழுத்தில். முன் அனுபவம் என்ற இடத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை.

"நாளைக்குக் குடுக்கணும்ங்க" என்றார் சவரிராஜ். "கேமராவ வாங்கிக்க விருத்தாசலத்துல ஆள் பாத்திருக்கேன்."

கடிதத்தை நீட்டினேன். படித்தார். எழுந்து உள்ளே போனார். துணிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டோடு வந்தார்.

"நீங்க பாத்தது பிரதிங்க, நாதஸ்வரம் போட்டதும் அதுலதான். இது அசலு. அழிக்கச் சொன்னது காதுல விழுந்துச்சு, ஆனா கை வரல. ஃபிலிம்ல எடுத்தவன் சார் நான். எடுத்தத அழிச்சிப் பழக்கமில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க டெக் இருக்கிறதா என்று அதட்டலாகக் கேட்டேன். அப்போது எங்கள் ஊருக்கும் டிவி வந்து, வரிசையில் நாலு வீட்டில் இருந்தது. சகாயமேரி ஏற்கெனவே பக்கத்து வீட்டு டிவியையும் டெக்கையும் தூக்கிவர ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

போட்டோம். ஜெபம், ஜெபம், ஜெபம். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஏறிட்டே பார்க்கவில்லை. தாலி நேரத்துச் சொல்லும் வந்து போனது. சாப்பாட்டுப் பந்தி, அங்கும் ஜெபம். பிறகு மண்டப வாசல், வேன். தங்கை கதவுப் பக்கம் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அப்பா மெதுவாக வந்து ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறார். ஜெபம் தொடங்கி, இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. முணுமுணுப்பே இல்லை. அப்பா குரல் மட்டும்.

"அங்கன தண்ணி உப்பா இருக்கும் தாயி. ஒரு வாரம் வயித்தக் கலக்கும். பயப்படாத. பழகிரும்."

தங்கை தலையை நிமிர்த்தவில்லை. அப்பா கம்பியை விடவும் இல்லை. எங்கோ ஒரு சைக்கிள் மணி. பிறகு மறுபடியும் அவர்.

"பழகலேன்னா ஒரு கார்டு போடு. நான் வாரேன்."

வேன் நகர்ந்தது. கம்பியிலிருந்து கை நழுவியது. அந்தக் கை கீழே தொங்கும் வரைக்கும் கேமரா அசையாமல் அங்கேயே நின்றது.

பிறகு நான், நான்தானே, கேசட்டைப் பின்னால் ஓட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி போட்டேன்.

"எத்தினி சார்?" என்றார் சவரிராஜ். இப்போது நிமிர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், தான் எடுத்ததை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா?"

"நாப்பத்தொண்ணு வே. எப்படி எண்ணினீரு?"

"எண்ணலீங்க" என்றார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "உங்கப்பா பேசிக்கினு இருந்தாரு. கேட்டுக்கினு இருந்தேன்."

இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்பா பேச்சு முடிந்து வேன் நகர்கிற இடத்தில் அவர் வலது கைக் கட்டைவிரல், மடிமேல் இருந்தபடியே, விசையை விடுவது போல மெல்ல விலகியது.

விண்ணப்பத்தை அவர் கிழிக்கவெல்லாம் இல்லை. அப்படி நாடகம் ஆடுகிற ஆள் இல்லை. மறுநாள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சகாயமேரி அதை மளிகைச் சாமான் பட்டியல் எழுதப் பயன்படுத்திக்கொண்டார். சவரிராஜ் ருக்குமணிக்கு மறுபடி கார்டு போட்டார். கம்மாபுரம் பக்கம் வயலில் நாற்று நடும் பெண்கள் பேசுவதை எடுக்கும் வேலை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அவர் வாயில் ஜெபமும் இல்லை, முந்திரியும் இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தப் பெண்கள் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டார், முடிந்ததும் விட்டார். ஜெபத்தைப் படப்பிடிப்பு தொடங்குமுன் ஒரு தடவை, பெட்டியைத் திறக்கும்போது சொல்லிக்கொள்வார். அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று நான் பார்ப்பதில்லை.

தங்கை விஜயாவுக்கு அசல் சத்தத்தோடு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார். நானே விருதுநகர் போய்க் கொடுத்தேன். வெள்ளைச்சாமி என்ன சொல்வாரோ என்று எனக்கு உதறல்தான். கடைசிக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டிவிடலாம் என்று கேசட்டை முன்னால் ஓட்டப் போனேன். விஜயா என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஓடட்டும்ண்ணா. முதல்லருந்து ஓடட்டும்" என்றாள்.

வெள்ளைச்சாமி வாசற்படிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டும் இடம் வந்தது. அந்தச் சொல் விழுந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. விஜயா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அப்பா வரப்போகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.